லெட்வில் டைரி: டேபர் ஆபரா ஹவுஸ்ங்கற இந்தக் கட்டடம் இப்ப யார் பேர்ல இருக்கு?

ஜூலை 11, டென்வர்ல இருந்து மேல

அமெரிக்காவுல டென்வர்ல இருக்கற அக்கா வீட்டுக்கு வந்ததுல இருந்து மால், மால் விட்டா கோயில், கோயில் விட்டா மறுபடி மால். இந்த வாரம் எங்கயாவது பழைய ஊருக்குப் போலாம்னு நான் சொன்னதும் மாமா வாய்ல வந்த பேரு லெட்வில், கொலராடோ மலைமேல ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊரு. "மாப்ள, அது 10,000 அடிக்கு மேல இருக்கு, தலை சுத்தும்னா சொல்லிரு இப்பவே"ன்னாரு. கொடைக்கானலே 7,000 அடிதானே, அங்க நல்லாத்தானே இருந்தோம்னு கிளம்பியாச்சு.

ஹைவே 70 பிடிச்சு மேற்க போனா ஐசனோவர் சுரங்கப்பாதை வருது, அதுவே 11,000 அடி. அதைத் தாண்டி காப்பர் மவுண்டன் கிட்ட திரும்பி 91ம் நம்பர் ரோட்ல ஏறினா ஃப்ரீமான்ட் கணவாய், போர்டுல 11,318 அடின்னு போட்டிருக்கான். அங்க ரோட்டை ஒட்டியே கிளைமாக்ஸ் சுரங்கம், எஃகுல கலக்கற மாலிப்டினம்ங்கற உலோகம் எடுக்கறாங்க, மலையில பாதிய காணோம். 80கள்ல மூடி 2012ல மறுபடி திறந்தாங்களாம். மூடின காலத்துல லெட்வில் ஊரே வேலை இல்லாம காலியாச்சுன்னு மாமா சொல்லிட்டே ஓட்டினாரு.

இந்த இடத்துல ஒரு சம்பவம். பின் சீட்ல இருந்த சிப்ஸ் பாக்கெட் எல்லாம் உப்பிப் போய் வெடிக்கற நிலைமையில இருந்துச்சு, வெளிய காத்தழுத்தம் கம்மிங்கறதால அப்படி ஆகும்னு அக்கா பொண்ணு பாடம் எடுத்தா. அதெல்லாம் கேட்டுட்டே அக்கா தயிர் டப்பாவோட மூடிய லேசா கிழிச்சா பாருங்க, மாமா பின்னங்கழுத்துல இருந்து ஸ்டீரிங் வரைக்கும் தயிர். ஜூலை மாசம், எதிர்ல உச்சில எல்லாம் பனி திட்டுத்திட்டா கிடக்கு, நாங்க வண்டிய ஓரங்கட்டி டிஷ்யூவால தயிர் துடைச்சிட்டு நிக்கறோம். அந்த வழியா போன பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தி "எல்லாம் ஓகேவா?"ன்னு கேட்டுட்டு, எங்க கோலத்தைப் பாத்து சிரிக்காம இருக்க ரொம்ப கஷ்டப்பட்டாரு, பாவம்.

லெட்வில்ல எங்க ரூம் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு பெட்டிய தூக்கிட்டு மேல போறதுக்குள்ள நடுவுல படியில உட்கார்ந்துட்டேன். வரவேற்புல இருந்த அம்மா கேக்காமலே தண்ணி பாட்டில் கொண்டு வந்து குடுத்தாங்க. இந்த ஊர்ல பேர் கேக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சியான்னுதான் கேக்கறாங்க. காபிக்கடைப் பையன் கேட்டான், பெட்ரோல் பங்க்ல கேட்டாங்க, ரோட்டை கிராஸ் பண்ண நின்னப்போ பக்கத்துல நின்ன தாத்தா கேட்டாரு. ரெண்டு மணிக்கு மேல வானம் கருத்து, இடி, அப்புறம் பட்டாணி சைஸ்ல ஆலங்கட்டி, இருபது நிமிஷத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி வெயில்.

ராத்திரிக்கு ரைஸ் குக்கர் கொண்டு வந்திருந்தோம். தண்ணி இங்க 90 டிகிரியிலயே கொதிச்சிருது, அதனால அரிசி வேகவே மாட்டேங்குது. ரெண்டு தடவை தண்ணி ஊத்தி ரெண்டு தடவை வச்சும் நடுவுல கல்லு. பிரஷர் குக்கர்னா ஆயிருக்கும். கடைசியில நடந்து போய் ஒரு மெக்ஸிகன் கடையில சாப்பிட்டோம், கொலராடோ பக்கம் பச்சை மிளகாயும் பன்னிக்கறியும் போட்டு ஒரு குழம்பு வைக்கறாங்க, பரிட்டோ மேல ஊத்தித் தராங்க, 13 டாலர், ஒரு ஆளுக்கு ஒண்ணு ஜாஸ்தி. நல்ல காரம். நான் நல்ல காரம்னு சொல்ற அளவுக்கு காரம்.

ஜூலை 12, ஹாரிசன் அவென்யூ

தலைவலியோடதான் எந்திரிச்சேன். அக்கா மாத்திரை குடுத்தா, வரவேற்பு அம்மா தண்ணி குடுத்தாங்க.

ஊரோட மெயின் ரோடு ஹாரிசன் அவென்யூ. ரெண்டு பக்கமும் செங்கல் கட்டடம், முகப்புல மட்டும் வேலைப்பாடு, பக்கவாட்டுல பாத்தா வெறும் சுவர். ரோடு முடியற பக்கம் மவுண்ட் மாஸிவ் நிக்குது, எந்தப் போட்டோ எடுத்தாலும் அது உள்ள வந்துருது. 1880 கணக்கெடுப்புல இந்த ஊர்ல 14,820 பேர். இப்ப ரெண்டாயிரத்தி அஞ்சூறு, மூவாயிரம் கிட்டதான். அப்ப வெள்ளிக்காக வந்த கூட்டம்.

என் கதையச் சொல்லிடறேன், இல்லன்னா நான் ஏன் இப்படி பாத்தேன்னு புரியாது. நான் ரொம்ப வருஷம் மதுரைல ஒரு பத்திர எழுத்தர்கிட்ட வேலை பாத்தவன். எந்தக் கட்டடத்தைப் பாத்தாலும் அழகா இருக்குன்னு தோணறதுக்கு முன்னாடி இது யார் பேர்ல இருக்கு, மூலப்பத்திரம் எது, நடுவுல எத்தனை கை மாறியிருக்குன்னுதான் புத்தி போகும். அதனால டேபர் ஆபரா ஹவுஸ் முன்னாடி நின்னதும் எல்லாரும் போட்டோ எடுக்க, நான் மாமாகிட்ட "இது யாரோடது"ன்னேன். "டேபரோடதுதான், பேரே போட்டிருக்கே"ன்னாரு. அதான் இல்லன்னு உள்ள போனப்புறம் தெரிஞ்சது.

ஆபரா ஹவுஸ்னா தனியா ஒரு அரங்கம்னு நினைச்சிருந்தேன். இல்ல, மூணு மாடி வணிகக் கட்டடம். தரைத்தளத்துல ரோட்டைப் பாத்து கடைகள், தியேட்டர் மாடியில, அதுக்கு மேல ரூம்கள், அந்த ரூம்களுக்குப் பக்கத்துல இருந்த கிளாரண்டன் ஹோட்டல்ல இருந்து வர்றதுக்கு அந்தரத்துல ஒரு நடைபாதை. நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்குக் கீழ கடை கட்டி வாடகைக்கு விடறோமே, அதே கணக்கு. நாடகம் ஓடலன்னாலும் கடை வாடகை வரும். ஆரம்பத்துல ஒரு துணிக்கடை, அதோட பங்குதாரர் ஜேக் சாண்ட்ஸ்னு ஒருத்தர், அவரோட சிநேகிதியா இந்த ஊருக்கு வந்தவங்கதான் பின்னாடி டேபரோட ரெண்டாவது மனைவியான பேபி டோ. கடை வாடகைக்கு விட்டதுல என்னென்ன நடக்குது பாருங்க.

ஹோரஸ் டேபர் வெர்மான்ட் மாநிலத்துக் கல்தச்சர். 1859ல கொலராடோ வந்து, பக்கத்துல ஓரோ சிட்டில மளிகைக்கடை வச்சிருந்தாரு, கடைய நிஜமா நடத்தினது மனைவி அகஸ்டான்னுதான் எல்லாரும் சொல்றாங்க. 1878ல ரிஷ்ஷே, ஹுக்னு ரெண்டு ஜெர்மன்காரங்க கடனா சரக்கு கேட்டு வந்தாங்க. முதல் தடவை குடுத்தது 17 டாலர் சரக்குன்னு சொல்றாங்க. கிடைக்கறதுல மூணுல ஒரு பங்கு கடைக்காரருக்கு, அதான் பேச்சு. அவங்க தோண்டின இடம் லிட்டில் பிட்ஸ்பர்க் சுரங்கம். அடுத்த வருஷம் அந்தப் பங்கை டேபர் பத்து லட்சம் டாலருக்கு வித்தாரு. மளிகைக் கடன்ல இப்படி ஒரு வசூல் நான் கேள்விப்பட்டதே இல்ல.

அந்தக் காசு கைல வந்த சூட்டுல கட்டினதுதான் இது. 100 நாள்ல கட்டி முடிச்சாங்களாம். இங்க ரயில் வந்ததே 1880 ஜூலைலதான், அதனால வெளியூர்ல இருந்து வந்த சாமான் எல்லாம் குதிரை வண்டி, கழுதை வண்டில இந்தக் கணவாய்கள் வழியா ஏறி வந்திருக்கு. நேத்து நான் பெட்டிய தூக்க முடியாம படியில உட்கார்ந்த உயரத்துல அவன் அவன் இரும்பும் கண்ணாடியும் ஏத்தியிருக்கான். 1879 நவம்பர் 20 திறப்பு விழா. அந்த நாள் பாத்து ஊர்ல ஒரு கும்பல் விடியறதுக்குள்ள ரெண்டு கைதிகள ஜெயில்ல இருந்து இழுத்து வந்து தூக்குல போட்டிருச்சு, ஊரே மிரண்டு போயிருந்ததுல முதல் ஷோவுக்கு கூட்டம் சுமார்தானாம்.

கைடா வந்தது ஒரு வயசான அம்மா, சம்பளம் இல்லாம வர்றவங்களாம். முதல்ல தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டாங்க. அப்புறம் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1882 ஏப்ரல்ல இந்த மேடையில வந்து சுரங்கத் தொழிலாளிங்களுக்கு கலை பத்தி லெக்சர் குடுத்த கதை. அவரு பெஞ்சமினோ... இல்ல பென்வெனுட்டோ செல்லினின்னு பழைய காலத்து வெள்ளி வேலைக்காரரைப் பத்திப் பேச, கேட்டவங்க ஏன் அந்த ஆள கூட்டிட்டு வரலன்னாங்களாம். அவரு செத்துட்டாருன்னதும் "யாரு சுட்டது?"ன்னு கேட்டிருக்காங்க. இது வைல்டே சொன்ன கதைங்கறதால எவ்வளவு மசாலான்னு அவருக்குத்தான் வெளிச்சம். ஜான் ஃபிலிப் சூசாவோட பேண்டு இங்க வாசிச்சிருக்கு, மாயாஜாலக்காரர் ஹூடினி மேடைக் கதவு வழியா மறைஞ்சாருன்னும் சொல்றாங்க.

எல்லாரும் ஹூடினி கதவைப் பாக்க முண்டியடிச்ச நேரம் நான் அந்த அம்மாகிட்ட என் சந்தேகத்தைக் கேட்டேன், மாமா இங்கிலீஷ்ல எடுத்துக் குடுத்தாரு. டேபருக்கு அப்புறம் யார் யார்? அவங்க முகம் அப்படி மலர்ந்துச்சு. "இதை யாருமே கேக்க மாட்டாங்க"ன்னு ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க.

1893ல டேபர் திவால். கட்டடம் ஏ.எஸ். வெஸ்டன்னு ஒரு ஜட்ஜ் கைக்குப் போச்சு, பேரும் வெஸ்டன் ஆபரா ஹவுஸ் ஆச்சு. 1901ல எல்க்ஸ் சங்கம் வாங்கிச்சு, அது நம்ம ஊர் ரோட்டரி, லயன்ஸ் கிளப் வகையறா, சடங்கு கொஞ்சம் ஜாஸ்தி. அவங்க மேடைய மாத்தி, உள்ள இடிச்சுக் கட்டி, எல்க்ஸ் ஆபரா ஹவுஸ்னு பேர் வச்சுக்கிட்டாங்க. 1955ல அவங்க விக்கறப்போ இதை இடிச்சுருவாங்களோன்னு பயம் வந்திருக்கு. அப்ப வாங்கினது மினியாபொலிஸ்ல ரிட்டயர் ஆன ஒரு ஸ்கூல் டீச்சர், பேரு ஃப்ளாரன்ஸ் ஹாலிஸ்டர். அவங்க மகள் எவலின் ஃபர்மன் லெட்வில்ல இருந்தாங்க, மகள் கேட்டு அம்மா வாங்கினது. அப்புறம் எவலின்தான் வருஷக்கணக்கா நடத்தினாங்க, அடுத்து அவங்க குடும்பம். 2016ல லெட்வில் நகராட்சி 6 லட்சம் டாலருக்கு வாங்கிச்சு, இப்ப ஒரு அறக்கட்டளை பாத்துக்குது.

நான் கைல எழுதிக் கூட்டிப் பாத்தேன். டேபர் வச்சிருந்தது 14 வருஷம். வெஸ்டன் 8. எல்க்ஸ் 54. அந்த டீச்சர் குடும்பம் 61 வருஷம்! வாசல்ல, டிக்கெட்ல, பனியன்ல, காபி கப்ல எல்லாம் யார் பேரு? டேபர். அதுவும் எல்க்ஸ் காலத்துல இல்லாத பேர திரும்ப ஒட்டினதே அந்தக் குடும்பந்தான், ஏன்னா பேருக்குத்தான் டூரிஸ்ட் வருவான். எனக்கு இது சரியாப் படல. 100 நாள்ல கட்டினவன ஊரு பாடுது. அறுபது குளிர்காலம் கூரை ஒழுகறதைப் பாத்து, 10,000 அடில உறைஞ்சு விரியற செங்கல்லுக்கு ஆள் வச்சு, டிக்கெட் கிழிச்சுக் காப்பாத்தினவங்களுக்கு உள்ள ஒரு போட்டோ. கைடு அம்மாகிட்ட சொன்னேன். அவங்க தோளைக் குலுக்கி, "எவலினே அதை விரும்பியிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு டேபர் கதைன்னா உசுரு"ன்னாங்க. சரி, அவங்க பக்கமும் இருக்கு.

பரண்ல பழைய பெயிண்ட் பண்ணின மேடைத் திரைகள் நிறைய கிடந்ததாம், காட்டுக் காட்சி, வீட்டுக் காட்சின்னு, சமீப வருஷங்கள்ல இறக்கித் தூசி தட்டி கணக்கெடுத்திருக்காங்க. எல்க்ஸ்காரங்க புதுசு பண்ணப்போ பழசை எரிக்காம மேல தூக்கிப் போட்டதால தப்பிச்சது. பரண்ல போட்டு வைக்கற புத்தி உலகம் பூரா ஒண்ணுதான் போல.

மதியம் சிக்கன் சூப் 7 டாலர், ஒரு துண்டு பை (pie, மாவுக்குள்ள வச்சு சுட்ட பலகாரம்) 6 டாலர். பை குடுத்த பொண்ணு ஊர்ல வீட்டு வாடகை எகிறிடுச்சு, ஸ்கீ ரிசார்ட்ல வேலை பாக்கறவங்க எல்லாம் இங்கதான் தங்கறாங்கன்னு புலம்புனா. நாலு மணிக்கு மறுபடி ஆலங்கட்டி.

ஜூலை 13, மேட்ச்லெஸ் சுரங்கம்

தலைவலி போச்சு, ஆனா தூக்கம் வரல, உயரத்துல அப்படித்தானாம்.

ஊருக்குக் கிழக்க மேட்ச்லெஸ் சுரங்கம், டேபருக்கு நிறைய காசு குடுத்த சுரங்கம். ஒரு சின்ன மரக்கொட்டகை. 1883ல டேபர் அகஸ்டாவை விவாகரத்து பண்ணிட்டு பேபி டோவை வாஷிங்டன்ல ஊரறிய கல்யாணம் பண்ணாரு, அப்ப அவரு ஒரு மாசத்துக்கு செனட்டர் வேற. பத்தே வருஷத்துல எல்லாம் போச்சு. 1899ல டென்வர் போஸ்ட்மாஸ்டரா செத்தாரு. பேபி டோ கடைசி காலம் இந்தக் கொட்டகைல, 1935 மார்ச்ல உறைஞ்சு கிடந்ததைத்தான் பாத்திருக்காங்க. சாகும்போது "மேட்ச்லெஸ்ஸ விட்றாத"ன்னு டேபர் சொன்னாருன்னு ஒரு கதை பரவியிருக்கு, அது பின்னாடி கட்டிவிட்டதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. எனக்கு அதுல பெரிசா பட்டது வேற: கடைசியில அந்தக் கொட்டகை கூட அந்தம்மா பேர்ல இல்ல. சுரங்கம் கை மாறியாச்சு, வாங்கினவங்க போகச் சொல்லாம விட்டதால இருந்திருக்காங்க. விவாகரத்துல காசு வாங்கின அகஸ்டா அதைப் பத்திரமா வச்சு 1895ல பணக்காரியாத்தான் செத்தாங்க.

டேபர் ஏன் 1893ல திவாலானாரு? இதுக்கு பதில் எழுதி வச்சிருந்த பலகைய படிச்சப்பதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதுல இந்தியான்னு ஒரு வார்த்தை. ராத்திரி ரூம்ல உட்கார்ந்து போன்ல தேடித் தேடிப் படிச்சேன். அப்ப நம்ம ரூபாய் வெள்ளி நாணயம். யார் வேணா வெள்ளிய கொண்டு போய் சர்க்கார் நாணயசாலைல குடுத்து ரூபாயா அடிச்சு வாங்கிக்கலாம். சென்னைத் தங்கசாலை 1869லயே மூடியாச்சு, கல்கத்தாவும் பம்பாயும் ஓடிட்டிருந்துச்சு. உலகத்துல வெள்ளிய வாங்கிக்கிட்டே இருந்த பெரிய வாய் நம்ம நாடு. வெள்ளி விலை இறங்க இறங்க ரூபாய் மதிப்பும் இறங்கிச்சு, லண்டனுக்கு வருஷா வருஷம் தங்கக் கணக்குல கட்ட வேண்டியத கட்ட முடியாம பிரிட்டிஷ் சர்க்கார் முழிச்சது. 1893 ஜூன் 26, பொதுஜனம் கொண்டு வர்ற வெள்ளிக்கு நாணயம் அடிக்கறத நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான். அவுன்ஸ் 80 சென்ட் சொச்சம் இருந்த வெள்ளி சில நாள்லயே 60 சொச்சத்துக்கு விழுந்துச்சு, கொலராடோ முழுக்க சுரங்கம் மூடினாங்க, பேங்க் மூடினாங்க. நவம்பர்ல அமெரிக்க சர்க்காரும் வெள்ளி வாங்கற சட்டத்தை ரத்து பண்ணி மிச்சத்தையும் முடிச்சு விட்டுச்சு.

டேபர் ஆட்டம் கண்டுதான் இருந்தாரு, கடன், கண்ட இடத்துல முதலீடு எல்லாம் முன்னாடியே இருந்துச்சு, அதனால இந்தியாதான் காரணம்னு சொன்னா ஓவர். ஆனாலும் நேத்து நான் கூட்டின 14 வருஷம் ஏன் 14லயே நின்னுச்சுங்கறதுக்கு நம்ம ரூபாய்க்கும் ஒரு கை இருக்கு. தூங்கிட்டிருந்த மாமாவ எழுப்பிச் சொன்னேன். "தண்ணி குடிச்சிட்டு படு மாப்ள"ன்னாரு.

ஜூலை 14, இறக்கம்

காலைல ஊரை விட்டுக் கிளம்பறப்போ வரவேற்பு அம்மா குக்கர்ல அரிசி வெந்துச்சான்னு கேட்டாங்க. ரூம் மூணு ராத்திரிக்கு 540 டாலர், வரி தனி, அந்தப் படிக்கட்டுக்கு ஜாஸ்திதான். டென்வர் வர வர காது அடைச்சு அடைச்சு திறந்துச்சு, வெயில் 34 டிகிரி.

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி 16வது தெருவும் கர்டிஸ் தெருவும் சேர்ற இடத்துக்குப் போலாம்னு அடம் பிடிச்சேன். லெட்வில்ல கட்டி ரெண்டு வருஷத்துல, 1881ல, டேபர் இங்க டேபர் கிராண்டுன்னு இன்னும் பெருசா ஒண்ணு கட்டினாரு. லெட்வில் கட்டடம் அதுக்கு முன்னாடி ஒத்திகை. அதுவும் கை மாறி, சினிமா தியேட்டரா ஓடி, 1964ல இடிச்சாச்சு. டென்வர்ல நிலத்துக்கு விலை இருந்துச்சு, இடிக்க ஆளும் காசும் இருந்துச்சு. லெட்வில்ல அது எதுவும் இல்ல, ஒரு டீச்சரோட காசு போதுமானதா இருந்துச்சு.

இடிச்ச இடத்துல இப்ப ஃபெடரல் ரிசர்வ் வங்கியோட டென்வர் கிளை நிக்குது, அந்த ஊர் ரிசர்வ் பேங்க். ஜன்னல் கம்மி, கான்கிரீட் ஜாஸ்தி. நான் எதிர் ஓரத்துல நின்னு போட்டோ எடுக்க, செக்யூரிட்டி ஒருத்தர் ரோடு தாண்டி வந்து ரொம்ப மரியாதையா என்ன எடுக்கறீங்கன்னு கேட்டாரு. மாமாவுக்கு முகம் வெளுத்துருச்சு. இங்க முன்னாடி ஒரு தியேட்டர் இருந்துச்சுன்னு சொன்னோம். அவருக்குத் தெரியாது, பத்து வருஷமா இங்க வேலை பாக்கறாராம். எந்த மூலைல வாசல் இருந்துச்சுன்னு கேட்டாரு, எங்களுக்கும் தெரியல, மூணு பேரும் கொஞ்ச நேரம் கட்டடத்தையே பாத்து அந்த மூலையா இந்த மூலையான்னு பேசிட்டிருந்தோம். பார்க்கிங் அரை மணிக்கு 9 டாலர். மாமா அதைப் பத்தி இன்னும் பேசிட்டிருக்காரு.